ஃபார்வர்ட் கன்ட்ரோல் வண்டிக்கு நீளமான ஃபுட்பெக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸ் பைக்கில் ஃபுட்பெக்கை, அதாவது ஓட்டும்போது கால் வைக்கும் கட்டையை, மாற்றிய நாளிலிருந்து, டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ, எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் குனிந்து பார்க்கிறார். பிறகு கேள்வி ஆரம்பமாகிறது. ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எல்லாவற்றையும் எழுதி, தெரிந்த பதிலையும் கீழே போட்டுவிட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு ஜோடி பெக்கை உடைத்து, அடுத்த ஜோடியைத் தெண்டமாக வாங்கி, மூன்றாவது ஜோடியில் கரை சேர்ந்தவன், அவ்வளவுதான். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஃபுட்ரெஸ்ட் என்றுதான் சொல்வார்கள். பைக் பைத்தியங்கள் பெக் என்பார்கள். இரண்டும் ஒன்றே.

1. ஃபார்வர்ட் கன்ட்ரோல்னா என்ன? என் வண்டியில இருக்கறது அதுதானா?

சாதாரண வண்டியில் பெக் உங்கள் இடுப்புக்கு ஏறக்குறைய நேர் கீழே இருக்கும். எழுந்து நின்றால் நிற்கலாம். ஃபார்வர்ட் கன்ட்ரோலில் பெக், கியர் லீவர், பிரேக் பெடல் மூன்றும் முன்னால் தள்ளிப் போயிருக்கும். கால் கீழே மிதிக்காது, முன்னால் உதைத்தபடி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டிய மாதிரி.

நம் நாட்டுச் சாலைகளில் இந்த வகையில் அதிகம் பார்ப்பது பஜாஜ் அவெஞ்சர். அப்புறம் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, சூப்பர் மீட்டியார் 650, நின்றுபோன சுசுகி இன்ட்ரூடர் 150. ஹார்லியில் ஃபார்ட்டி எய்ட், ஃபேட் பாப், ஸ்போர்ட்ஸ்டர் எஸ். ஹார்லிக்காரர்கள் அவெஞ்சரையும் மீட்டியாரையும் பாதி ஃபார்வர்ட் என்று கிண்டல் செய்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் ஃபார்ட்டி எய்ட்டில் கால் இன்ஜினுக்கு முன்னாலேயே போய்விடும். வித்தியாசத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் சூப்பர் மீட்டியாரிலும் ஷாட்கன் 650-யிலும் அடுத்தடுத்து உட்காருங்கள். இன்ஜின் ஒன்றுதான். ஷாட்கனில் பெக் பின்னால் வந்துவிட்டது, ஆளின் உட்காரும் விதமே மாறிவிடுகிறது.

2. பெக் நீளம்னா எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கணும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. "நீளமான பெக் வேணும்" என்று சொல்லும்போது மனதில் இருப்பது மூன்றில் ஒன்று. முதலாவது நீளம்: பெக் மடங்கும் ஆணியிலிருந்து (இதைத்தான் பின் என்பார்கள்) வெளி நுனி வரை, அதாவது வண்டியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இரண்டாவது அகலம்: பாதத்துக்கு அடியில் முன்பின்னாக எவ்வளவு இடம். மூன்றாவது தூரம்: சீட்டிலிருந்து பெக் எவ்வளவு முன்னால் இருக்கிறது.

மூன்றுக்கும் வழி வேறு, செலவு வேறு. நீளத்துக்கும் அகலத்துக்கும் பெக்கை மாற்றினால் போதும். தூரத்துக்குப் பெக்கை மாற்றிப் பிரயோஜனமே இல்லை. கடைக்குப் போகும் முன் இந்த மூன்றில் உங்கள் குறை எது என்று முடிவு செய்யுங்கள்.

3. நான் ஆறடி ரெண்டு அங்குலம். முட்டி மடங்கிக்கிட்டே இருக்கு. நீளமான பெக் போட்டா கால் நீட்டி உக்காரலாமா?

முடியாது. உங்களுக்கு வேண்டியது மேலே சொன்ன மூன்றாவது, தூரம். 4 செ.மீ. நீளமான பெக் போட்டால் உங்கள் பாதம் 4 செ.மீ. வெளியே போகும், முட்டி அதே கோணத்தில்தான் மடங்கும்.

சில வண்டிகளில் தூரத்தை மாற்றும் வசதியைக் கம்பெனியே கொடுத்திருக்கிறது. கவாசாகி வல்கன் எஸ்-ஸில் பெக்கை நடு இடத்திலிருந்து முன்னால் 25 மி.மீ., பின்னால் 25 மி.மீ. என்று மூன்று இடங்களில் மாட்டலாம். ஹார்லிகளுக்கு எக்ஸ்டெண்டட் ஃபார்வர்ட் கன்ட்ரோல் கிட் தனியாகக் கிடைக்கிறது. அவெஞ்சர், மீட்டியார் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் சீட்டைப் பாருங்கள். அவெஞ்சர் க்ரூஸின் சீட் உயரம் 737 மி.மீ., சூப்பர் மீட்டியாரில் 740. ஆறடி ஆளுக்கு இது பள்ளம். நல்ல சீட் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு செ.மீ. ஃபோம் ஏற்றி, உட்காரும் குழியைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னால், பெக்கைத் தொடாமலே முட்டி விரியும்.

4. அப்போ நீளமான பெக் யாருக்குத்தான் வேணும்?

பாதம் அகலமானவர்களுக்கு, பெரிய ரைடிங் பூட்ஸ் போடுபவர்களுக்கு. செருப்புக் காலுக்குச் சரியாக இருந்த பெக்கில், பூட்ஸ் போட்டதும் வெளி விளிம்பு அந்தரத்தில் தொங்கும். அரை மணி நேரத்தில் பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். அப்புறம் ஹார்லிக்காரர்கள். பல மாடல்களில் வலது பக்கம் ஏர் கிளீனர் துருத்திக்கொண்டு முட்டியை வெளியே தள்ளும். முட்டி வெளியே போனால் பாதமும் வெளியே போக ஆசைப்படும், அங்கே பெக் இருக்காது.

மூன்றாவது காரணத்தை ஹைவே ஓட்டியவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஃபார்வர்ட் கன்ட்ரோலில் காலின் எடை பெக்கின் மேல் முழுதாக உட்காராது. 80, 90-க்கு மேல் போகும்போது காற்று முட்டிகளை விரிக்கும், பாதம் மெல்ல வெளியே வழுக்கும். நீளம் இருந்தால் வழுக்கினாலும் தாங்கும். நுனியில் லேசாக உதடு மாதிரி உயர்ந்த பெக் என்றால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் ஒரு செ.மீ. நீளத்தைவிட அந்த உதடு அதிகம் உதவுகிறது.

5. எவ்வளவு நீளம் போதும்?

நீங்கள் வழக்கமாகப் போடும் பூட்ஸைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் அகலமான இடத்தை அளங்கள். அதோடு ஒரு விரல் அகலம் சேருங்கள். பாதம் வைக்கும் பகுதி அவ்வளவு இருந்தால் தாராளம். பெரும்பாலும் இப்போது இருப்பதைவிட 2 முதல் 4 செ.மீ. கூட என்று வரும்.

அதற்கு மேல் ஏன் வேண்டாம்? நெம்புகோல் கணக்குதான். 80 கிலோ ஆள் பெக்கின் நுனியில் முழு எடையையும் போடுகிறார் என்று வையுங்கள். பின்னிலிருந்து நுனி 10 செ.மீ. என்றால் பிராக்கெட்டை (பெக்கை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் தாங்கி) வளைக்கும் சுமை 800 கிலோ-செ.மீ. அதே ஆள், 14 செ.மீ. பெக் என்றால் 1120. நீளம் எத்தனை சதவீதம் கூடுகிறதோ அத்தனை சதவீதம் பின்னும் பிராக்கெட்டும் அதிகம் தாங்க வேண்டும். கம்பெனிக்காரன் 10 செ.மீ.-க்குக் கணக்குப் போட்டுத்தான் பிராக்கெட் செய்திருப்பான், கொஞ்சம் கூடுதல் பலம் விட்டிருப்பான். அந்தக் கூடுதலை நாம் தின்றுகொண்டே போகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

6. ரெடிமேடா எங்க கிடைக்கும்?

முதலில் உங்கள் வண்டிக் கம்பெனியின் ஆக்சஸரி பட்டியல். பொருந்துமா என்ற தலைவலி இல்லாத ஒரே இடம் அதுதான். அடுத்து சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதிய உதிரி, அலங்காரச் சாமான் எல்லாம் வரிசையாகக் கடைகள். பழைய வண்டியிலிருந்து கழற்றியது போதும் என்றால் புதுப்பேட்டை. டெல்லி போகிறவர்கள் கரோல் பாக் ஒரு சுற்று சுற்றலாம். எங்கே போனாலும் பழைய பெக் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "அவெஞ்சர் பெக் குடுங்க" என்று வாயால் கேட்டால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அது அவெஞ்சர் பெக் ஆகிவிடும்.

ஹார்லி, வல்கன் வைத்திருப்பவர்களுக்கு குரியாகின் மாதிரி அமெரிக்கக் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே ஒரு சூட்சுமம். அவர்கள் பெக்கைத் தனியாகவும், உங்கள் வண்டியோடு இணைக்கும் அடாப்டரைத் தனியாகவும் விற்பார்கள். பெக்கை மட்டும் வரவழைத்து, சுங்க வரியும் கட்டிவிட்டு, மாட்ட முடியாமல் ஷோகேஸில் வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டும் கூடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

7. ஆன்லைன்ல "யுனிவர்சல்"னு போட்டிருக்கே, வாங்கலாமா?

என்னுடைய தெண்டச் செலவு இதுதான். பெக்கில் யுனிவர்சல் என்று ஒன்று கிடையாது. நான்கு அளவு பொருந்த வேண்டும். பிராக்கெட்டுக்குள் நுழையும் நாக்கின் தடிமன், அதன் அகலம், பின் போகும் ஓட்டையின் விட்டம், கடைசியாக ஓட்டையின் மையத்திலிருந்து பெக் முட்டி நிற்கும் முகம் வரை உள்ள தூரம். முதல் மூன்றை எல்லாரும் பார்ப்பார்கள், நான்காவதைக் கோட்டைவிடுவார்கள். நானும் விட்டேன்.

பெக் கீழே தொங்காமல் நிற்பது அந்த முகம் பிராக்கெட்டில் முட்டுவதால்தான். ஓட்டையிலிருந்து 15 மி.மீ. தள்ளி முட்டுகிறது, அங்கே 1 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். 120 மி.மீ. பெக்கின் நுனி 8 மி.மீ. தொங்கும். 160 மி.மீ. பெக் என்றால் 10 மி.மீ.-க்கும் மேல். சரிந்த பெக்கில் பாதம் நிற்காது, வெளியே வழியும். அதாவது எதற்காக நீளமான பெக் வாங்கினீர்களோ அந்தத் தொல்லையே இரட்டிப்பாகத் திரும்பி வரும். வெர்னியர் காலிப்பரால் நான்கையும் அளந்து, விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அதுவே பதில்.

8. பின்சீட்டு பெக்கைக் கழட்டி முன்னாடி மாட்டலாமா?

நாக்கு பொருந்தினால் மாட்டலாம், ஆனால் பின்சீட்டு பெக் நீளமாக இருப்பது அபூர்வம். இன்னொன்று, பின்சீட்டு பெக்கைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டக் கூடாது. பின்னால் உட்காருபவருக்கு ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது.

9. லேத்துல குடுத்து செஞ்சுக்கலாமா? எந்த மெட்டல் போடச் சொல்லணும்?

தாராளமாக. இப்போது என் வண்டியில் இருப்பது கோவையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் செய்ததுதான். இந்த ஊரில் பம்பு, மோட்டார் பாகம் கடைந்து பழகிய கைகளுக்கு ஒரு ஜோடி பெக் பெரிய வேலையே இல்லை. படம் வரைந்து, நான்கு அளவையும் எழுதி, பழைய பெக்கையும் கூடவே கொடுங்கள்.

நான் செய்தது இப்படி: நாக்கும் நடுத்தண்டும் ஒரே துண்டு ஈஎன்8 (நடுத்தரக் கார்பன்) இரும்பு. அதன் மேல் அலுமினியக் குழாய் உறை, அதன் மேல் ரப்பர். எடையைத் தாங்குவது இரும்பு, மற்றதெல்லாம் காலுக்கு இதமாக. முழுக்க அலுமினியம்தான் வேண்டுமென்றால் 6061-டி6 என்ற அலுமினியக் கலவையைக் கேளுங்கள். நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும் சுமையில் அது சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புக்கு ஏறக்குறைய சமம். வார்ப்பு அலுமினியம் வேண்டவே வேண்டாம், அது வளைந்து எச்சரிக்காது, படக்கென்று உடையும். இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். நாக்கு தண்டோடு சேரும் மூலையைக் கூராக வெட்டாமல் 3 மி.மீ. ஆரத்தில் வளைத்துக் கடைய வேண்டும். கூரான மூலைதான் விரிசலின் பிறந்த வீடு.

10. இருக்கற பெக் நுனியிலயே ஒரு துண்டு வெல்டு வெச்சா வேலை முடிஞ்சுதே அண்ணா?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அலுமினியப் பெக்கில் 4 செ.மீ. துண்டை ஒட்டிக் கொடுத்தார்கள். பாலிஷ் போட்டதும் ஒட்டு தெரியவே இல்லை. இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசியில் பாதி ஏறியிருப்பேன், ஒரு குழியில் வண்டி இறங்கியது. இடது பாதத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. செருப்பு அளவு தூரத்தில் ரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. கால் தடுமாறி விழுந்ததில் கியர் லீவரும் வளைந்தது. மீதி வழியெல்லாம் மிச்சமிருந்த கட்டைப் பெக்கில் குதிகாலை முட்டுக்கொடுத்து ஓட்டினேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. டி6 என்பது சூடேற்றிப் பதப்படுத்திய நிலை. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் பலம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். நாம் நீளத்தைக் கூட்டிச் சுமையை ஏற்றுகிறோம், அதே நேரம் தாங்கும் சக்தியைப் பாதியாக்குகிறோம். வெல்டு வைத்தவர் மேல் தப்பில்லை, கேட்டதைச் செய்தார். இரும்புப் பெக் என்றால் இவ்வளவு மோசமில்லை, ஆனாலும் நான் மறுபடி செய்ய மாட்டேன்.

11. பெக் நீளமாச்சுன்னா கியரும் பிரேக்கும் காலுக்கு எட்டுமா?

பெக் வாங்குவதற்கு முன் இதை யாரும் யோசிப்பதில்லை, மாட்டிய மறுநாள் எல்லாரும் யோசிக்கிறார்கள். பாதம் 3 செ.மீ. வெளியே போனால் கட்டைவிரலும் 3 செ.மீ. வெளியே போகும். கியர் லீவரின் நுனி ரப்பர் பழைய இடத்தில்தான் இருக்கும். கியர் பக்கம் தீர்வு சுலபம், நீளமான ஷிஃப்ட் பெக் கிடைக்கும், லேத்திலும் கடையலாம். மீட்டியார் மாதிரி குதிகாலால் மிதிக்கும் லீவரும் உள்ள வண்டியில், புதுப் பெக் தடிமனாக இருந்தால் லீவருக்கும் பெக்குக்கும் நடுவில் பூட்ஸ் சிக்கும். உள்ளூரில் ஓட்டும்போது தெரியாது, பூட்ஸோடு ஒரு முறை சோதியுங்கள்.

பிரேக்தான் முக்கியம். அவசரத்தில் கால் தானாகப் போய் மிதிக்க வேண்டும், தேடக் கூடாது. பெடலின் மிதிபரப்பை வெளியே நீட்டும் பேட் போடலாம். பெடல் உயரத்தைத் திருப்பி அமைத்தீர்கள் என்றால் பிரேக் லைட் ஸ்விட்சையும் கூடவே சரிசெய்யுங்கள். மறந்தால் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அல்லது எரியவே எரியாது. இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும்.

12. வளைவுல ரோட்டுல உரசுமா? கொல்லிமலை போகலாமா?

உரசும். முன்பைவிடச் சீக்கிரம் உரசும். எவ்வளவு சீக்கிரம் என்பதற்குத் தோராயமான கணக்கு இருக்கிறது. பெக் நுனியின் உயரத்தை, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து நுனி இருக்கும் தூரத்தால் வகுங்கள். உயரம் 27, தூரம் 45 செ.மீ. என்றால் 0.6. கால்குலேட்டரில் அதற்கு tan⁻¹ போட்டால் ஏறக்குறைய 31 டிகிரி, அவ்வளவு சாய்ந்தால் நுனி தரையைத் தொடும். பெக்கை 4 செ.மீ. நீட்டினால் 29 டிகிரியிலேயே தொடும். டயர் அகலத்தையெல்லாம் விட்டுவிட்ட கணக்கு இது.

10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் இந்த இரண்டு டிகிரி எவ்வளவு வேகத்தைத் தின்னும்? மணிக்கு 27.5 கி.மீ.-ல் உரச வேண்டியது 26.5-லேயே உரசும். பூ இவ்வளவுதானா என்பீர்கள். வேகம் போவதல்ல பிரச்சினை, பழக்கம் மாறுவதுதான். பழைய பெக் எப்போது உரசும் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும், புதியது தெரியாது. பின்னால் ஆளும் பையும் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும். நுனி 3 செ.மீ. இறங்கினால் அதே நீண்ட பெக் 26 டிகிரியில் தொட்டுவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி. போகலாம், முதல் பத்தை நிதானமாக ஏறி உடம்புக்குப் புது அளவைக் கற்றுக்கொடுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். நீங்கள் உட்கார்ந்து, நண்பர் ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பெக் நுனிக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடிக்கட்டும். போனில் கோணம் காட்டும் ஆப் இருக்கும், அதைக் கயிற்றோடு ஒட்டி வைத்தால் எண் தெரிந்துவிடும்.

13. மடங்காத பெக் செஞ்சா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே?

இருக்கும். உரசும்போது வண்டியைத் தூக்கிப் போடும் அளவுக்கு. மடங்கும் பெக் தரையில் பட்டால் மேலே பின்னால் விலகும், உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். மடங்காத பெக் நெம்புகோல் மாதிரி சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பும். இதில் பேரமே கிடையாது. மடங்கிய பெக் தானாகத் திரும்பி வர ஸ்பிரிங் இருந்தால் அதையும் புதுப் பெக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

14. புது பெக் போட்டதுல இருந்து கால் நமநமங்குது. ஏன்?

ரப்பர் போய் வெறும் உலோகம் வந்திருக்கும். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு நேராகப் பாதத்துக்கு வருகிறது. கம்பெனி பெக்கின் அந்த அசிங்கமான கறுப்பு ரப்பர் சும்மா இல்லை. ரப்பர் பதித்த பெக்கைப் பாருங்கள், இல்லையென்றால் லேத்காரரிடம் உறைக்கு வாய்க்கால் வெட்டி ரப்பர் வளையம் மாட்டச் சொல்லுங்கள். முள் முள்ளாக இருக்கும் மோட்டோகிராஸ் வகைப் பெக் மழையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஷூ அடியைத் துருவித் தேங்காய்ப்பூவாக்கிவிடும்.

15. லெக் கார்டுல ஹைவே பெக் மாட்டிட்டா இதெல்லாம் தேவையே இல்லையே?

அது வேறு தேவைக்கு. நீண்ட நேரான சாலையில் காலை மாற்றி மாற்றி வைக்க ஹைவே பெக் அருமை, 3-வது கேள்வியில் வந்த உயரமான நண்பருக்கும் அதுவே மலிவான ஆறுதல். ஆனால் அதில் கால் இருக்கும்போது பிரேக்கும் கியரும் எட்டாது. நாய், ஆடு, தவறான பக்கத்தில் வரும் டிராக்டர் எல்லாம் உள்ள சாலையில் கால் அங்கே இருக்கக் கூடாது. வாங்கும்போது கிளாம்பின் உள்விட்டம் உங்கள் லெக் கார்டு குழாயின் வெளிவிட்டத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தளர்வாக இருந்தால் சைக்கிள் டியூப் சுற்றி இறுக்குவார்கள், ஒரு மழைக்காலத்தில் அது சுழல ஆரம்பிக்கும்.

16. முதுகுவலி போகுமா?

போகாது. ஃபார்வர்ட் கன்ட்ரோலில் குழி வரும்போது பெக்கில் எழுந்து நிற்க முடியாது, அடி முழுவதும் அடிமுதுகுக்கு. அதைப் பெக்கின் நீளம் மாற்றாது. சீட்டும் பின் ஷாக்கும் மாற்றும்.

17. பெக்கை மாத்தாம, பிராக்கெட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ஸ்பேசர் வெச்சு மொத்தமா வெளிய தள்ளினா கியர், பிரேக் எல்லாம் சேர்ந்தே வந்துடுமே?

புத்திசாலித்தனமான கேள்வி. 11-வது பதிலில் சொன்ன தொல்லை இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் பிராக்கெட் ஃப்ரேமோடு ஒட்டி இறுகியிருக்கும்போது எடையைத் தாங்குவது இரண்டு உலோகப் பரப்புகளின் பிடி. போல்ட் அழுத்திப் பிடிக்க மட்டுமே செய்கிறது. நடுவில் 3 செ.மீ. ஸ்பேசர் வந்தால் நீண்ட போல்ட் வளைய ஆரம்பிக்கும், ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம். போல்ட் ஒருநாள் போகும். அது போகும்போது பெக்கோடு பிரேக் பெடலும் சேர்ந்து போகும், அதுதான் பயம்.

செய்தே தீர வேண்டுமென்றால் வாஷர் அடுக்காமல், பிராக்கெட்டின் முழு முகத்தையும் தாங்கும் ஒரே கட்டி ஸ்பேசர், 10.9 தர (உயர்பலம் கொண்ட) போல்ட், ஃப்ரேமுக்குள் பழைய போல்ட் எத்தனை மரை இறங்கியிருந்ததோ அத்தனையாவது இறங்க வேண்டும். கியர் ராடும் பிரேக் ராடும் இப்போது கோணலாக நிற்கும், அதையும் பார்க்க வேண்டும். நான் 1 செ.மீ.-க்கு மேல் தள்ள மாட்டேன். ஹார்லி கிட்டுகளில் நீளமான ராடுகள் கூடவே வருவது இதனால்தான்.

18. போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையே மாறினால்தான் "மாற்றம்" என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. பெக் நீளம் ஆர்சியில் இல்லை, ஒரு ஜோடி பெக்கால் அடிப்படைத் தன்மையும் மாறாது. இது என் புரிதல். ஃப்ரேமை அறுப்பது, பிராக்கெட்டை ஃப்ரேமோடு வெல்டு வைப்பது என்று போனால் கதை வேறு. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போல்ட்டில் மாட்டி, போல்ட்டில் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள், பழைய பெக்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சர்வேயர் கேட்டால் மறைத்ததாக ஆகாது.

19. லெக் கார்டைத் தாண்டி பெக் வெளிய நீட்டலாமா?

கூடாது. வண்டி சாயும்போது முதலில் தரையில் படுவது லெக் கார்டாக இருக்க வேண்டும். பெக் முந்திக்கொண்டால், மடங்கினாலும் முழு வண்டியின் எடை அந்தப் பின்னில் இறங்கும். நின்ற இடத்தில் சாய்ந்தாலே பிராக்கெட் வளையும். சூப்பர் மீட்டியார் 241 கிலோ, யோசித்துக்கொள்ளுங்கள். நான் லெக் கார்டுக்கு இரண்டு செ.மீ. உள்ளேயே நிறுத்தினேன். 5-வது கேள்வியின் கணக்கு 4 செ.மீ. என்று சொல்லியும் 3-க்கு இறங்கிவந்தது இதற்காகத்தான்.

20. நானே மாட்டலாமா?

மாட்டலாம், அரை மணி நேர வேலை. பழைய பின் கழன்றுவிடாமல் பூட்டியிருக்கும் காட்டர் பின்னையோ (வளைத்துவிடும் கம்பி) சர்க்ளிப்பையோ (பூட்டு வளையம்) மறுபடி போடாதீர்கள், புதிது சில ரூபாய்தான். பின்னில் லேசாக கிரீஸ். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன் போனில் ஒரு படம். போல்ட் இருந்தால் நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு, இறுக்கிய பிறகு போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் தளர்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். முதல் 100 கி.மீ. முடிந்ததும் ஒரு முறை பாருங்கள்.

21. வலது முட்டியில ஆபரேஷன் ஆயிருக்கு. அந்தப் பக்கம் மட்டும் நீளமா போடலாமா?

போடலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஏர் கிளீனர் தொல்லைக்காக வலது பக்கம் மட்டும் நீட்டிய ஹார்லிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வலது திருப்பத்திலும் இடது திருப்பத்திலும் உரசும் கோணம் வேறுபடும், 12-வது பதிலில் சொன்ன கயிற்றுச் சோதனையை இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். அப்புறம், வலது கால்தான் பிரேக். முதலில் பெடல் பேட், பிறகு பெக். காலி மைதானத்தில் பத்து முறை அழுத்தி நிறுத்திப் பார்த்து, ஒருமுறைகூடக் கால் தேடவில்லை என்றால் ரோட்டுக்கு எடுங்கள்.